குஞ்சு ஏன் நடக்கவில்லை? கால் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காலையில் கூண்டைத் திறந்ததும் எல்லாக் குஞ்சுகளும் தீவனத் தட்டைப் பார்த்து ஓடிவரும். ஒன்று மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டு கத்தும். எழப் பார்க்கும், கால் ஒத்துழைக்காது. கோழி வளர்க்கிற எல்லோரும் என்றாவது ஒருநாள் பார்த்துவிடுகிற காட்சி இது. அந்த நேரத்தில் நம் கை முதலில் போவது வைட்டமின் பாட்டிலுக்குத்தான்.

நானும் அதைத்தான் செய்தேன். எட்டு நாள் குஞ்சு ஒன்று ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. நான்கு நாள் விடாமல் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கொடுத்தேன். ஐந்தாம் நாள், பல வருடம் கோழி வளர்த்த ஒருவர் அதைக் கையில் வாங்கினார். முட்டிக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "நரம்பு விலகியிருக்கு. முதல் நாளே தள்ளி விட்டிருந்தா நின்னிருக்கும்" என்றார். அந்தக் குஞ்சை என்னால் காப்பாற்ற முடியவில்லை. வைட்டமின் கொடுத்ததில் தப்பில்லை. அது தீர்க்கக்கூடிய கோளாறு அதுவல்ல என்பதைப் பார்க்காமல் நான்கு நாளை விட்டதுதான் தப்பு.

குஞ்சுகளின் கால் கோளாறுகள் பலவற்றுக்கு மருத்துவம் எளிது. ஆனால் அது பலிக்கும் நாட்கள் மிகக் குறைவு. குஞ்சின் எலும்பு நாளுக்கு நாள் வளர்கிறது. கோணலாக இருந்தால் கோணலாகவே இறுகிவிடும். அதனால் மருந்தைத் தேடும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, வரிசையாகப் பாருங்கள். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: தொடாமல் பாருங்கள்

குஞ்சைத் தூக்கிவிட்டால் அது பயத்தில் விறைத்துவிடும். பாதித் தடயம் போய்விடும். முதல் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதே பெரிய குறிப்பு.

இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் படுகிறதா? முட்டியில் குந்தி, விரல்களை உள்ளே மடக்கி நகர்கிறதா? ஒரு கால் மட்டும் வெளிப்பக்கமாகத் திருகி நிற்கிறதா? ஒரு கால் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் நீண்டு கிடக்கிறதா? ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாற்றின் முகம்.

அடுத்து தலையைப் பாருங்கள். கால் கோளாறென்று நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் மூளை, நரம்பு சம்பந்தப்பட்டது. தலை நடுங்கினாலோ, கழுத்து திருகினாலோ, வானத்தைப் பார்ப்பதுபோல் பின்னால் வளைந்தாலோ காலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். கடைசியாக, தீவனத்தையும் தண்ணீரையும் அதன் மூக்கருகே கொண்டுபோங்கள். ஆவலாகக் கொத்தினால் கோளாறு காலில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை மூடி, இறகை உப்பிக்கொண்டு சும்மா இருந்தால் உடம்பு முழுக்க நோய். கால் அதில் ஒரு அறிகுறி மட்டும்.

படி 2: வயது, எண்ணிக்கை, மாற்றம்

கால்நடை மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது இந்த மூன்றும்தான்.

வயது தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். பொரித்த முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் அடைகாப்பிலோ தரையிலோ உண்டான கோளாறு. 1 முதல் 4 வாரத்தில் சத்துக் குறைவுதான் முதல் சந்தேகம். அதற்குப் பிறகு மூட்டுத் தொற்று, வைரஸ். 6 வாரம் தாண்டிய குஞ்சுக்கு வாதம் வந்தால் மேரெக்ஸ் என்கிற வைரஸ் நோயை நினைக்காமல் இருக்க முடியாது.

எத்தனை குஞ்சுக்கு வந்திருக்கிறது? ஒன்றுக்கு மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம், பிறவிக் குறையாக இருக்கலாம், தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு, விலகியிருக்கலாம். ஒரே வாரத்தில் நான்கைந்து தள்ளாடினால் தீவனத்தையோ தொற்றையோ பார்க்க வேண்டும். அப்போது ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. எல்லாவற்றுக்குமான காரணத்தைத் தேடுங்கள்.

எது மாறியது? புதுத் தீவன மூட்டை, புது மருந்து, புதிதாகச் சேர்த்த பறவைகள், மழையில் நனைந்த கூளம், பளபளப்பான அட்டைப் பெட்டி என்று கடந்த பத்து நாளில் மாறிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் முக்கியமானது ஒன்று தப்பிவிடும்.

படி 3: இது கால்தானா?

குளிரில் விறைத்த குஞ்சு நடக்காது. முதல் வாரத்தில் குஞ்சு நிற்கிற உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் வேறெதையும் யோசிக்காமல் முதலில் சூடாக்குங்கள். அரை மணி நேரத்தில் எழுந்து ஓடிய குஞ்சுகள் உண்டு.

தண்ணீர் குடிக்காத குஞ்சும் துவண்டு கிடக்கும். அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து எடுங்கள். பிய்த்தால் தோல் கிழியும்.

3 முதல் 6 வாரக் குஞ்சு கூனிக்கொண்டு, நடக்க மனமில்லாமல் நின்றால் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் அது ரத்தக்கழிச்சல். எல்லாச் சமயத்திலும் ரத்தம் தெரியாது என்பதால் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த நோய்க்குத் தரும் ஆம்ப்ரோலியம் என்ற மருந்து, வைட்டமின் பி1-ஐப் போல வேடமிட்டுக் கிருமிக்கு அந்தச் சத்து கிடைக்காமல் செய்கிறது. அதனால் மருந்து கொடுக்கும் நாட்களில் பி1 கலந்த டானிக் கொடுத்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். மருந்தைத் தேவைக்கு மேல் நீட்டித்தால் குஞ்சுக்கே பி1 குறைந்து தள்ளாட்டம் வரும்.

இறக்கையடியையும் தொடையிடுக்கையும் விலக்கிப் பாருங்கள். கோழி உண்ணியின் இளம்பூச்சிகள் பல நாள் தோலில் கடித்தபடியே ஒட்டியிருக்கும். அதன் எச்சிலில் உள்ள நஞ்சு காலில் தொடங்கி மேலே பரவும் ஒரு வாதத்தைக் கொண்டுவரும். பார்வைக்கு மேரெக்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் உண்ணியை எடுத்துவிட்டால் தேறிவிட வாய்ப்புண்டு. பெரிய உண்ணிகள் பகலில் மர இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் வெளியே வரும். டார்ச் எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு கூண்டைத் தேடுங்கள்.

படி 4: விரலிலிருந்து இடுப்பு வரை

இப்போது குஞ்சைக் கையில் எடுக்கலாம். கூடவே அதே வயதுள்ள நல்ல குஞ்சு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் 'வீங்கியிருக்கிறதா, இல்லையா' என்று சொல்ல முடியாது.

ஒரு விளக்கம்: கோழியின் காலில் பின்பக்கமாக மடங்குவதை முட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். எலும்பமைப்பின்படி அது கணுக்கால். நிஜமான முழங்கால் இறகுக்குள் வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது. இங்கே நான் முட்டி என்று சொல்வது, பேச்சு வழக்கில் உள்ள அந்தப் பின்மடிப்பு மூட்டைத்தான்.

பாதம்: நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கைப் பாருங்கள். தலைமுடியோ நூலோ சுற்றி இறுகியிருக்கலாம். அது வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரல் வீங்கி நிறம் மாறிய பிறகுதான் தெரியும். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது. கூளம் நைந்து ஈரமாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

விரல்: இங்கே பலர் ஏமாறுகிறார்கள். குஞ்சைத் தூக்கினால் முட்டி மடங்கும். முட்டி மடங்கினால் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். கிளையைப் பிடித்தபடி தூங்குவதற்காகப் பறவைக்கு அமைந்த ஏற்பாடு அது, நோயில்லை. சமதரையில் நிற்கவைத்த பிறகும் விரல் மடங்கியே இருந்தால்தான் கோளாறு.

உணர்வு: விரல்களுக்கு நடுவிலுள்ள தோலை மெல்லக் கிள்ளுங்கள். காலை இழுத்துக்கொண்டு கத்தினால் உணர்வு இருக்கிறது. இழுத்தும் கத்தவில்லை என்றால் அதை முழு நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகுத்தண்டு மட்டுமே செய்கிற அனிச்சைச் செயலாக இருக்கலாம்.

கீழ்க்கால் எலும்பு: மேலிருந்து கீழ்வரை தடவுங்கள். ஓரிடத்தில் வளைந்தோ நறநறவென்றோ இருந்தால் முறிவு. இறகில்லாத இடத்தில் பச்சை நிறம் தெரிந்தால் அழுகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பறவையின் உடம்பில் ரத்தக்கட்டு இரண்டு மூன்று நாளில் பச்சையாக மாறும். இரண்டு நாளுக்கு முன் அடிபட்டிருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

முட்டி: நல்ல குஞ்சின் முட்டிக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை வையுங்கள். எலும்பில் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஒரு கயிறு தென்படும். அதுதான் தசைநாண், பேச்சில் நரம்பு என்கிறோம். இப்போது நோயுள்ள காலைத் தடவுங்கள். பின்புறம் தட்டையாக இருந்து, கயிறு பக்கவாட்டில் உருண்டால் தசைநாண் விலகிவிட்டது. முட்டி சூடாகவும் கொழகொழவென்றும் வீங்கியிருந்தால் மூட்டுத் தொற்று. சூடில்லாமல் கெட்டியாகத் தடித்திருந்தால் எலும்பு வளர்ச்சிக் கோளாறு.

அலகும் மார்பெலும்பும்: காலைப் பார்க்கும்போது இதை எதற்குப் பார்ப்பது என்று தோன்றும். மேல் அலகை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் எலும்பிலும் அதே மென்மைதான், அது ரிக்கெட்ஸ் என்கிற எலும்பு மென்மையாகும் நோய். மார்பெலும்பு நேராக இல்லாமல் நெளிந்திருப்பதும் அதே கதை.

கடைசியாகக் குஞ்சை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அதிர்வு, உள்ளே ஏதோ மோட்டார் ஓடுவதுபோல, கையில் உணர முடிகிறதா? 1 முதல் 3 வாரக் குஞ்சில் தள்ளாட்டத்தோடு இந்த நடுக்கமும் இருந்தால் கொள்ளை நடுக்க நோய் எனப்படும் மூளை, தண்டுவட வைரஸ் அழற்சியாக இருக்கலாம். இது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும். மருந்து கிடையாது. முட்டையிடத் தொடங்கும் முன் தாய்க்கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதே வழி.

முதல் வாரம்: தரையும் அடைகாப்பும்

பொரித்து ஒரு நாள் வரை தள்ளாடுவது இயல்பு. உறிஞ்சிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் அவசரப்பட்டு எதையும் ஊட்ட வேண்டியதில்லை.

இரண்டு காலும் அகன்று விரிந்த குஞ்சுக்கு முதல் காரணம் வழுக்கும் தரை. செய்தித்தாளும் பிளாஸ்டிக் விரிப்பும் குஞ்சின் காலுக்குப் பகை. இன்குபேட்டரின் வெப்பமோ ஈரப்பதமோ சரியில்லாமல் போவதும், முட்டைக்குள்ளிருந்து வெளிவரத் திணறுவதும் மற்ற காரணங்கள். காற்று சுழலும் இன்குபேட்டரில் 37.5 டிகிரியை விட்டு அதிகம் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கட்டுதான் மருந்து. தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் துணிக்கட்டிலிருந்து ஒரு செ.மீ. அகலப் பட்டையை வெட்டுங்கள். முட்டிக்குக் கீழே, இரண்டு கீழ்க்காலையும் எட்டு வடிவில் இணைத்து, இடுப்புக்கு நேர்கீழே பாதம் வருகிற மாதிரி கட்டுங்கள். காலுக்குக் காலிடையே சுமார் 2.5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் குஞ்சு முகங்குப்புற விழும். பக்கத்தில் இருந்து நிமிர்த்திவிடுங்கள். பாதம் வீங்குகிறதா, குளிர்கிறதா என்று அடிக்கடி பார்த்து, நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து நடக்கவிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளில் சரியாகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கட்டிச் சரியானதை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடவே தரையையும் மாற்றுங்கள்: சொரசொரப்பான துணியோ ரப்பர் வலையோ போதும். தரையை மாற்றாமல் கட்டு மட்டும் போட்டால் அடுத்த குஞ்சும் விரிந்துவிடும்.

பிறக்கும்போதே விரல் கோணியிருந்தால் அதற்கு ஒரு செருப்பு செய்யலாம். மெல்லிய அட்டையை முக்கோணமாக வெட்டி, விரல்களை நேராக நீட்டி வைத்து, மருத்துவ டேப்பால் மேலும் கீழும் ஒட்டுங்கள். ஓரிரு நாள் போதும். குஞ்சு மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கும். அடுத்து வருகிற விரல் வாதத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சுறுசுறுப்பும், பிறந்த அன்றே இருந்தது என்பதும்தான்.

1 முதல் 4 வாரம்: சத்துக் குறைவு

கோழியின் காலுக்கும் சத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவ வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1890-களில் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கவனித்தார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற நாட்களில் விழுந்தன. தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றியதும் எழுந்தன. இன்று பி1 என்கிற தயமினைத் தேடிய பாதை அங்கே தொடங்கியது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தீட்டிய தானியத்தை மட்டும் போட்டுக் குஞ்சு வளர்த்தால் அதே கோழிகள் நம் கூண்டிலும் விழும். கழுத்து பின்னால் வளைந்து வானம் பார்க்கும்.

விரல் மடங்கு வாதம் பி2 என்கிற ரிபோஃபிளேவின் குறைவால் வருவது. பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தலைகாட்டும். குஞ்சுக்குப் பசி நன்றாகவே இருக்கும். ஆனால் முட்டியில் குந்தி, விரலை முஷ்டி மாதிரி உள்ளே மடக்கி, இறக்கையைத் துணைக்கு வைத்து நகரும். குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு 3.6 மி.கி. ரிபோஃபிளேவின் தேவை; தானியத்தில் மட்டும் அது கிடைக்காது. வெளிச்சம் பட்டால் இந்தச் சத்து அழியும் என்பதால் தீவனத்தையும் டானிக்கையும் வெயிலில் வைக்காதீர்கள். முதல் நாளிலேயே கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் கரைசலைத் தண்ணீரில் கொடுத்தால், சில நாளிலேயே விரல் விரியத் தொடங்கும். நாட்பட்டுப்போனால் காலுக்குப் போகும் பெரிய நரம்பே கெட்டுவிடும். அதன்பின் எவ்வளவு கொடுத்தாலும் திரும்பாது.

பி வகைச் சத்து கூடினால் பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும். ஏ, டி அப்படியில்லை, உடம்பில் தங்கும். எல்லாம் கலந்த டானிக்கை இரு மடங்காகக் கொடுக்கும் அவசரம் வேண்டாம்.

தசைநாண் விலகல்தான் என் மனதை இன்னும் உறுத்துவது. பெரும்பாலும் ஒரு காலில்தான் தொடங்கும். மாங்கனீஸ் குறைவு இதற்குப் பெரிய காரணம் என்பது 1936-லேயே கண்டறியப்பட்டது. கோலின், பயோடின் போன்ற சத்துகள் குறைந்தாலும் வரும்; அடிபட்டாலும் வரும். தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறினால் மாங்கனீஸ் உடம்பில் சேராது. மக்காச்சோளத்தில் இந்தத் தாது மிகக் குறைவு, தவிட்டில் நிறைய.

சரிசெய்யும் விதம்: ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்கட்டும். இன்னொருவர் காலை மெதுவாகப் பின்பக்கம் நீட்டியபடி, கட்டைவிரலால் அந்தக் கயிற்றைப் பக்கவாட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி உருட்ட வேண்டும். உள்ளே விழுந்ததும் சின்ன 'டக்' ஒன்று விரலுக்குத் தெரியும். குஞ்சு கத்தும், வலிக்கும்தான். பலம் காட்டக் கூடாது. இரண்டு முயற்சிக்கு மேல் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நின்றுவிட்டால், கால் இயல்பாக மடங்கியிருக்கும் நிலையில் முட்டியைச் சுற்றி மெல்லிய கட்டுப் போட்டு மூன்று நான்கு நாள் சிறிய பெட்டியில் வையுங்கள். முதல் நாளில், இரண்டாம் நாளில் இது நடக்கும். அதற்குப் பிறகு முட்டி வீங்கி, பள்ளமே தட்டையாகிவிடும். கயிறு போய் உட்கார இடமிருக்காது. தீவனத்தைச் சரிசெய்வது மற்றக் குஞ்சுகளைக் காக்கும். விலகிய காலை அது திருப்பி வைக்காது.

ரிக்கெட்ஸ் 2, 3 வாரத்தில் தெரியவரும்: ரப்பர் அலகு, தடித்த முட்டி, குறுகிய அடி வைத்த நடை. கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 மூன்றில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். பறவைக்கு டி3 தான் வேலை செய்யும், டி2 அநேகமாகப் பயன்படாது. வாங்கும்போது பெயரைப் படியுங்கள். வெயிலும் டி3 தரும், ஆனால் நேரடி வெயிலாக இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கால்சியம் குறைவு என்று தெரிந்ததும் சிலர் முட்டைக் கோழிக்கான லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். குஞ்சுக்குச் சுமார் 1 சதவீதக் கால்சியம் போதும். லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வைட்டமின் ஈ குறைந்தால் கால் நன்றாக இருந்தும் குஞ்சு தலைகுப்புற விழும், பின்னால் சரியும். எண்ணெய் சிக்கடித்த பழைய தீவனம்தான் வழக்கமான குற்றவாளி. மூட்டையை முகர்ந்து பாருங்கள்.

4 வாரத்துக்கு மேல்: தொற்றும் எடையும்

முட்டியும் பாதமும் சூடாக வீங்கி, கொண்டை வெளுத்திருந்தால் மைக்கோபிளாஸ்மா அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாத் தொற்று. இதற்கு ஆன்டிபயாட்டிக் உண்டு. எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். தியமுலின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள், தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காகக் கலக்கும் மோனென்சின், சாலினோமைசினோடு சேர்ந்தால் நஞ்சாகி, அதுவே குஞ்சைப் படுக்க வைத்துவிடும். தீவன மூட்டையின் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிராய்லர் குஞ்சு தனிக் கதை. ஐந்தாறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டும் உடம்பை வாரக்கணக்கே வயதான எலும்பு சுமக்க வேண்டியிருக்கிறது. கால் வளைவதும், இடுப்பெலும்பு மூட்டு அழுகுவதும் அந்தச் சுமையால்தான். ராத்திரி முழுக்க விளக்கெரித்துத் தின்னவிடாமல், தினமும் சில மணி நேர இருட்டைக் கொடுத்தால் கால் பலப்படும்.

கழுத்துத் திருகல், பச்சை எச்சம், மூச்சிரைப்பு மூன்றும் கால் வாதத்தோடு சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட். கழுத்து துணிமாதிரி தொங்கி, கண்ணிமையும் தளர்ந்தால் செத்த பறவையில் ஊறிய புழுவைத் தின்று வந்த பாட்டுலிசம் என்ற நஞ்சேற்றமாக இருக்கலாம்.

பிறகு மேரெக்ஸ். 1907-ல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரெக் முதலில் விவரித்த நோய். உண்டாக்குவது ஹெர்பிஸ் வகை வைரஸ். பெரும்பாலும் 6 வாரத்துக்குப் பிறகு, அதிலும் 12 முதல் 24 வாரத்தில் அதிகம். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீண்டு கிடப்பது இதன் அடையாளம். கண்மணியைச் சுற்றிய நிறம் சாம்பலாக மாறலாம். நன்றாகத் தின்றும் மெலியும். மருந்தில்லை. வைரஸ் இறகுத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட வேண்டும். அது கட்டியையும் வாதத்தையும் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. கால் விரித்துக் கிடக்கும் எல்லாவற்றையும் மேரெக்ஸ் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. உண்ணியையும் பி2-வையும் விலக்கிவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

கண்டுபிடித்தாயிற்று, இனி பராமரிப்பு

நடக்காத குஞ்சு நோயால் சாவதைவிடப் பட்டினியாலும் மிதிபட்டும் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். உடனே தனியாக, ஆனால் மற்றவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில் வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். நிற்க முடியாத குஞ்சு ஒரு விரல்கடைத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். நாளெல்லாம் படுத்தே கிடந்தால் மார்பில் புண் வரும். அதற்குத் தூளி நல்ல உதவி: ஒரு துணியில் காலுக்கு இரண்டு ஓட்டையும் எச்சத்துக்கு ஒன்றும் வெட்டி, பெட்டியின் இரு பக்கமும் கட்டி, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்தில் குஞ்சை உட்காரவைத்து, சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள்.

முட்டிக்குக் கீழே முறிந்த எலும்பு, சின்னச் சிம்பு வைத்து அசையாமல் கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் கூடும். முட்டிக்கு மேல் முறிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

அடுத்தடுத்து பல பறவைகள் திடீரென்று செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள். தொட வேண்டியிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கால்நடைத் துறைக்கு உடனே சொல்லுங்கள். மற்றச் சமயங்களில், செத்த குஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்புவது ஆயிரம் யூகத்தைவிட மேல். பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோங்கள். உறையவைத்தால் திசு சிதைந்து, பார்க்க வேண்டியது தெரியாமல் போகும்.

தின்ன மறுத்து, காலில் உணர்வே இல்லாமல், நான்கைந்து நாளில் துளியும் மாற்றமில்லாத குஞ்சை இழுத்துப்பிடிப்பது அதற்கு வேதனை. வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவரைக் கேளுங்கள். அது கைவிடுவதாகாது.

தேறிய குஞ்சை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு நாள் வலைக்கு இந்தப் பக்கம் வைத்துப் பழகவிட்டு, மாலையில், எல்லாம் அடையப்போகும் நேரத்தில் சேருங்கள். காலில் ஒரு நிற வளையம் போட்டால் அடையாளம் தெரியும். மறுநாள் விடியும்போதே எழுந்துபோய்த் தள்ளி நின்று, தீவனத் தட்டுக்கு அது எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள்.